நாலு நாற்பதுக்கு வந்த தகவல்

இருபத்து மூன்றாம் எண் இடத்தில் கூடாரம் போட்டிருந்த பெண்ணுக்கு வந்த தகவலை லொரெட்டா பியோர்க்லண்ட் பதினான்கு மணி நேரம் தன் சட்டைப் பையிலேயே வைத்திருந்தாள். மறந்துபோய் வைத்திருக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு நல்லது செய்வதாக நினைத்து வைத்திருந்தாள்.

அவளும் கணவன் வெர்னும் அந்த மலை முகாமுக்கு வந்து அது ஐந்தாவது கோடை. மே மாதக் கடைசியில் மினசோட்டாவிலிருந்து டிரெய்லரை இழுத்துக்கொண்டு மொன்டானா மலைகளுக்கு வருவார்கள். செப்டம்பரில் முதல் பனி தூவியதும் திரும்புவார்கள். தேசியப் பூங்காவில் சம்பளம் இல்லாத வேலை. டிரெய்லர் நிறுத்த ஓரிடம், மின்சாரம், தண்ணீர், பழுப்புத் தொப்பி, ஒரு வாக்கிடாக்கி, இவ்வளவுதான் கொடுப்பார்கள். அதற்குப் பதிலாக நாற்பத்தொரு கூடார இடங்களையும் நான்கு கழிப்பறைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். காலி செய்து போனவர்களின் அடுப்பில் சாம்பல் அள்ளுவாள் லொரெட்டா. பத்து மணிக்கு மேல் கிதார் வாசிப்பவர்களைக் கெஞ்சி அடக்குவாள். முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்ட வெர்ன் பேட்டரி வண்டியில் உட்கார்ந்தபடியே ஊர்வலம் போவார். முகாமுக்கு வருகிறவர்கள் அவரை மேயர் என்று கூப்பிட்டார்கள். அவரும் மறுக்கவில்லை.

கரடி விஷயத்தில் மட்டும் இருவருமே கறார். புதிதாக யார் வந்தாலும், சாப்பாட்டையெல்லாம் இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்கச் சொல்லிவிட்டுத்தான் வெர்ன் நகர்வார்.

"பற்பசை கூடவா உள்ள வைக்கணும்?" என்று யாராவது கேட்பார்கள்.

"வைக்கணும். கரடி பல்லு வெளக்காது, ஆனா பேஸ்ட்டுன்னா அதுக்கு உசுரு."

ஷெல்பி காஃப்மன் ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வந்து சேர்ந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கூடவே கணவன் டோபி, மகள்கள் பத்து வயது மேபல், ஏழு வயது ஆகப்போகும் ரென். ஐடஹோவில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்வதாகச் சொன்னாள். முகாமில் இடம் கிடைக்க மூன்று வருடம் முயற்சி செய்தார்களாம். பழைய கித்தான் கூடாரத்தை விரித்துவிட்டு, கம்புகளை எப்படிச் சொருகுவது என்று தெரியாமல் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்தபோதுதான் லொரெட்டா அந்தப் பக்கமாகப் போனாள்.

"இது எந்தக் காலத்துக் கூடாரம்?" என்றாள்.

"எங்கப்பாவோடது. அவருக்குக் கண்ண மூடிட்டுப் போடத் தெரியும். எனக்குக் கண்ணத் தெறந்தும் தெரியல," என்றாள் ஷெல்பி.

மூவருமாகச் சேர்ந்து ஒருவழியாக நிறுத்தினார்கள். அன்றிலிருந்து அந்தக் குழந்தைகள் லொரெட்டாவைக் கண்டால் ஓடி வந்தார்கள். கழிப்பறைக்குக் காகித உருளை எடுத்துப் போகும் வேலையை ரென் தானாகவே ஏற்றுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை மாலை நாலு நாற்பதுக்கு வாக்கிடாக்கி கூப்பிட்டது. பூங்காக் காவல் அதிகாரி, ரேஞ்சர் மரிசெலா. மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள்.

"லொரெட்டா, எனக்கு ஒரு உதவி பண்ணணும். தெக்கு முகட்டுல ஒருத்தர் விழுந்துட்டார். நாங்க ஸ்ட்ரெச்சரத் தூக்கிட்டு மேல ஏறிட்டிருக்கோம், கீழ வர முடியாது. இருபத்து மூணுல ஷெல்பி காஃப்மன்னு இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அவங்க அக்கா ட்ரீனா ஆபீசுக்குப் போன் பண்ணியிருக்காங்க. வீட்டுல அவசரம், உடனே கூப்பிடணுமாம். நம்ம ஆபீஸ் போன்லயே பேசலாம், ஆளு இருக்காங்க."

"என்ன விஷயமாம்?"

வாக்கிடாக்கியில் சற்று நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. "அவங்க அப்பாவப் பத்தி. அதுக்கு மேல ரேடியோவுல வேணாம். சொல்லிடுறீங்களா?"

"சொல்லிடுறேன்."

தகவல் சீட்டில் லொரெட்டா எழுதினாள். பெயர், இட எண், 'அக்கா ட்ரீனாவை உடனே கூப்பிடவும்', நேரம் 4.40. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் அவள். நேரம் போடாமல் எதையும் எழுதிய பழக்கம் இல்லை. அந்தப் பள்ளத்தாக்கில் கைபேசிக்கு அலை எட்டாது. ரேஞ்சர் ஆபீஸ் பதினோரு மைல். உடனே போய்ச் சொல்லியிருந்தால் ஷெல்பி ஐந்தேகாலுக்கெல்லாம் அக்காவோடு பேசியிருக்கலாம்.

ரேடியோவில் சொல்ல வேண்டாம் என்ற அந்த வார்த்தைதான் லொரெட்டாவைப் பிடித்துக்கொண்டது. ரேடியோவில் எதைச் சொல்ல மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஷெல்பியின் அப்பா போய்விட்டார் என்று அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டாள்.

பதினோரு வருடங்களுக்கு முன்னால், ஒரு பிப்ரவரி மதியம், அவளுடைய ஒரே மகன் டாரன் பனி உறைந்த சாலையில் வண்டி சறுக்கி இறந்தான். பத்தொன்பது வயது. அப்போது அவள் முப்பத்து நாலு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். டிப்போவிலிருந்து ரேடியோவில் பேசும் பர்ல் என்ற மனிதருக்கு விஷயம் வந்துவிட்டது. அவர் அவளைக் கூப்பிடவில்லை. கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டு அவள் டிப்போவுக்குள் திரும்பி, எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்த பிறகுதான் வெளியே வந்து படியில் நின்று சொன்னார். அந்த ஒன்றரை மணி நேரமும் அவள் பிள்ளைகளோடு சேர்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு வந்திருந்தாள். மகன் உயிரோடு இருக்கும் தாயாக அவள் வாழ்ந்த கடைசி ஒன்றரை மணி நேரம் அது. பர்ல் அதைத் தனக்குக் கொடுத்த தானமாகவே அவள் வைத்திருந்தாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவருக்கு வாழ்த்து அட்டை அனுப்புவாள்.

டிரெய்லர் வாசலில் வெர்ன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார். லொரெட்டா விஷயத்தைச் சொன்னாள்.

"அப்ப போய்ச் சொல்லு," என்றார்.

"இன்னைக்கு அந்தச் சின்னதுக்குப் பொறந்தநாள், வெர்ன். காலைலேர்ந்து கேக்குக்குக் காத்துட்டிருக்கு."

"இருக்கட்டும். நாம என்ன பண்ண முடியும்?"

"சாப்பாடு முடியட்டும். போனவர் எங்கயும் போயிடப் போறதில்ல. ஒரு ரெண்டு மணி நேரம் அந்தப் பிள்ளைங்க சந்தோஷமா இருந்தா யாருக்கு நஷ்டம்?"

வெர்ன் ஐஸ் பையை எடுத்துக் கீழே வைத்தார். "அது உன் தகவல் இல்ல, லோரி. நீ கொண்டுபோய்க் குடுக்கற ஆளு. அவ்வளவுதான்."

"எனக்கு பர்ல் பண்ணினத மறந்துட்டியா?"

இந்தப் பேச்சு வந்தால் வெர்ன் எப்போதும் வாயை மூடிக்கொள்வார். அன்றும் மூடிக்கொண்டார். பிறகு மெதுவாக எழுந்து, "வேணும்னா நான் போய்ச் சொல்லிட்டு வரேன்," என்று வண்டிச் சாவியைத் தேடினார்.

"உக்காரு கெழவா. காலு வீங்கிக் கெடக்கு. நானே ஏழு மணிக்குப் போய்ச் சொல்றேன்."

அவர் உட்கார்ந்துவிட்டார்.

ஏழு மணிக்கு லொரெட்டா போனாள். போகும்போது சொல்லிவிடுவது என்றுதான் போனாள். இருபத்து மூன்றில் மேசைமீது வாணலியில் சுட்ட கேக் இருந்தது. ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் குழைந்து, நடுவில் ஒரே ஒரு மெழுகுவத்தி. டோபி தொப்பியைக் காற்றுக்கு அணையாக வைத்துக்கொண்டு நின்றான்.

"கரெக்டான நேரத்துக்கு வந்துட்டீங்க," என்றாள் ஷெல்பி. "பாடறதுக்கு ஆள் பத்தல. இவர் பாடினா கரடி வந்துடும்."

"வராது," என்றான் டோபி. "இருக்கற கரடியும் ஊரக் காலி பண்ணிட்டுப் போயிடும்."

லொரெட்டா பாடினாள். ரென் ஊதி அணைத்தாள். கருகாத பக்கத்திலிருந்து ஒரு பெரிய துண்டை வெட்டி, தட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக் கொண்டுவந்து லொரெட்டாவிடம் கொடுத்தாள். சட்டைப் பையில் சீட்டு மடித்தபடி இருக்க, அவள் அந்த பெஞ்சில் உட்கார்ந்து கேக்கைத் தின்றாள்.

"எங்கப்பா இல்லாம நாங்க வர்ற மொதல் கேம்ப் இது," என்றாள் ஷெல்பி, அடுப்பில் விறகைத் தள்ளியபடியே. "அடுத்த வாரம் அவருக்கு இதயத்துல ஆபரேஷன். நான் வரலன்னுதான் சொன்னேன். மனுஷன் விடல. 'மூணு வருஷமா முயற்சி பண்ணி வாங்கின இடம், போயிட்டு வா, நான் எங்க ஓடிடப் போறேன்'னு ஒரே சண்டை. அடுத்த வருஷம் அவரையும் இழுத்துட்டு வரணும். அவர் வந்தாதான் இந்தக் கூடாரம் நேரா நிக்கும்."

லொரெட்டா தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் வாயைத் திறக்காத வரைக்கும் இவளுக்கு அப்பா இருக்கிறார் என்று நினைத்தாள். மலைப்பாதையில் இருட்டு கட்ட ஆரம்பித்துவிட்டது, சாலையில் மான்கள் குறுக்கே வரும், பிள்ளைகளை வைத்துக்கொண்டு பதறிப் போய் ஓட்டுவார்கள் என்றும் நினைத்தாள். காரணங்கள் ஒவ்வொன்றாக வந்து அவளுக்குத் துணைக்கு நின்றன. எழுந்து, குட்நைட் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

"சொல்லிட்டியா?" என்றார் வெர்ன்.

"காலையில சொல்றேன்."

அவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

காலை ஆறு மணிக்கு எழுந்து சட்டையை மாட்டியபோதுதான் லொரெட்டாவுக்கு அந்த நேரம் கண்ணில் பட்டது. 4.40. புதுச் சீட்டு ஒன்றைக் கிழித்து, பேனாவை எடுத்து மேசையருகே உட்கார்ந்தாள். பெயரை எழுதினாள். எண்ணை எழுதினாள். நேரத்துக்கு வந்ததும் கை நின்றது. வெர்ன் காபிக் கோப்பையோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் புதுச் சீட்டைக் கசக்கிப் போட்டுவிட்டுப் பழையதையே எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஷெல்பி குளிருக்குப் போர்வையைப் போர்த்தியபடி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் கூடாரத்துக்குள் தூக்கம். லொரெட்டாவின் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"உங்க அக்கா ஆபீசுக்குப் போன் பண்ணியிருக்காங்க கண்ணு. ஒடனே கூப்பிடணுமாம்."

ஷெல்பி சீட்டை வாங்கிப் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள்.

"இதுல நாலு நாப்பதுன்னு இருக்கு."

"ஆமா."

"விடிகாலையா?"

"இல்ல. நேத்து சாயங்காலம்."

அவள் கூடாரத்து ஜிப்பை ஒரே இழுப்பாக இழுத்து, "டோபி, எழுந்திரு," என்றாள். லொரெட்டா, பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லப் போனாள். "வேணாம்," என்றாள் ஷெல்பி, திரும்பிப் பார்க்காமல். இரண்டு நிமிடத்தில் பிள்ளைகளை இரவு உடையோடு போர்வையில் சுற்றிக் காரில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஆளில்லாத இடத்தில் தீ எரியக்கூடாது என்பது விதி. லொரெட்டா ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, சாம்பலைக் கிளறி, மறுபடி ஊற்றினாள். ஆறிவிட்டதா என்று கையால் தொட்டுப் பார்த்தாள். அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பது மணி சுமாருக்குத் திரும்பி வந்தார்கள். டோபி யாரோடும் பேசாமல் கூடாரத்தைப் பிரித்தான். மடிக்காமல் சுருட்டிக் காருக்குப் பின்னால் திணித்தான். ஷெல்பி மட்டும் நடந்து டிரெய்லருக்கு வந்தாள். வெர்ன் எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

அவள் அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்த முகம்.

"ஒம்பது பத்துக்குப் போயிட்டாராம்," என்றாள்.

"நேத்து காலைலயா?" என்று கேட்டாள் லொரெட்டா.

"நேத்து ராத்திரி."

லொரெட்டா படியைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு மணிக்கு நெஞ்சு வலின்னு கூட்டிட்டுப் போயிருக்காங்க. எட்டு மணி வரைக்கும் நல்லா நெனவோட இருந்திருக்காரு, பேசியிருக்காரு. ஒவ்வொரு தடவ கதவு தெறக்கறப்பவும், ஷெல்பி கூப்பிட்டாளா, ஷெல்பி கூப்பிட்டாளான்னு கேட்டுட்டே இருந்திருக்காரு. எங்கக்கா, 'தகவல் சொல்லியாச்சுப்பா, அங்க சிக்னல் கெடையாது, ரோட்டுல வந்துட்டிருப்பா'ன்னு சொல்லிட்டே இருந்திருக்கா. போன அவர் காதுகிட்டயே வச்சுட்டு உக்காந்திருந்தாளாம்."

"ஷெல்பி..."

"ஏழு மணிக்கு நீங்க எங்ககூட கேக் சாப்பிட்டீங்க."

"ஆமா."

"அப்ப அந்தச் சீட்டு உங்ககிட்ட இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எங்க?"

லொரெட்டா சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினாள்.

"நான் அவரப் பத்தித்தான் பேசிட்டிருந்தேன். அப்ப அவர் உசுரோட இருந்தாரு."

லொரெட்டாவுக்கு நெஞ்சு வரைக்கும் வார்த்தை வந்தது. எனக்கும் ஒரு மகன் இருந்தான், அன்றைக்கு பர்ல் என்று ஒருவர், என்று தொடங்கத்தான் வாயெடுத்தாள். எதிரே நிற்கிறவள் தன் துக்கத்தைக் கீழே வைத்துவிட்டு இவளுடைய துக்கத்தைத் தூக்க வேண்டியிருக்கும் என்பது சட்டென்று உறைத்தது. அதை விழுங்கிக்கொண்டாள்.

"அவர் ஏற்கெனவே போயிட்டார்னு நானா நெனச்சுட்டேன். கேட்டிருக்கணும், கேக்கல. குழந்தையோட பொறந்தநாள் கெட வேணாம்னு நெனச்சேன். நான் பண்ணினது தப்பு."

"இனிமே ஒவ்வொரு வருஷமும் அவளுக்கு அந்தத் தேதிதான் பொறந்தநாள்," என்றாள் ஷெல்பி.

அவள் திரும்பி நடந்தாள். நாலு அடி போய் நின்றாள். "எங்கக்கா நான் வேணும்னே கூப்பிடலன்னு நெனச்சுட்டா. இன்னைக்குக் காலைல நான் சொன்னப்பதான் தெரியும். அந்த ஒரு ராத்திரி அவ என்ன நெனச்சிருப்பா..." முடிக்காமல் போய்விட்டாள்.

கார் டிரெய்லரைக் கடந்து போனபோது ரென் பின்சீட்டிலிருந்து கையை ஆட்டினாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை போலும். லொரெட்டா பதிலுக்குக் கையைத் தூக்கினாள். ஆட்ட முடியவில்லை.

மதியம் மரிசெலா வந்தாள். முகட்டில் விழுந்தவரைக் காப்பாற்றிவிட்டார்கள், விடியும்வரை அவள் தூங்கவில்லை, சட்டையெல்லாம் மண். லொரெட்டா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். வெர்ன் குறுக்கிட்டு, தானும் தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை என்றார்.

மரிசெலா சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "நானே வந்திருக்கணும். இல்லன்னா, ஆஸ்பத்திரியில இருக்கார்னாவது சொல்லியிருக்கணும்," என்றாள்.

"உன் மேல எந்தத் தப்பும் இல்ல," என்றாள் லொரெட்டா. "நீ சொல்லச் சொன்ன. நான்தான் சொல்லல." வாக்கிடாக்கியை இடுப்பிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தாள்.

சீசனின் நடுவில் வேறு ஆள் கிடைக்க மாட்டார்கள் என்று மரிசெலா சொன்னாள். வாக்கிடாக்கி வெர்னிடம் இருக்கட்டும், செப்டம்பர் வரைக்கும் இருந்துவிட்டுப் போங்கள் என்றாள். யாரும் லொரெட்டாவைப் போகச் சொல்லவில்லை. போகச் சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று மாலை வெர்ன் சூப் சுடவைத்தார். லொரெட்டா கரண்டியைத் தொடவில்லை.

"பர்ல் பண்ணினதத்தான் நானும் பண்ணினேன்," என்றாள். "எனக்கு நல்லதா இருந்தது, அவளுக்கு மட்டும் ஏன் இப்படி?"

வெர்ன் அடுப்பை அணைத்தார். அவளுக்கு முதுகைக் காட்டியபடியே பேசினார்.

"உனக்கு நல்லதா இருந்துச்சு. நான் இது வரைக்கும் சொன்னதில்ல, லோரி. சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். அன்னைக்கு ஷெரிப் ஆபீஸ் போலீஸ்காரப் பையன் ரெண்டு இருபதுக்கு வீட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போனான். ரெண்டரைக்கு நான் டிப்போவுக்குப் போன் பண்ணினேன். அவள இறக்கிட்டு வேற டிரைவரப் போடு, வீட்டுக்கு அனுப்புன்னு பர்ல்கிட்டக் கெஞ்சினேன். அவன், ரூட்டு முடியட்டும் வெர்ன், அதான் அவளுக்கு நல்லதுன்னான். மறுபடி பண்ணினேன். மறுபடியும் அதையே சொன்னான்."

லொரெட்டா நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ பாடிட்டு வந்தேன்னு சொல்ற அந்த ஒன்றரை மணி நேரம், நான் அந்த வீட்டுல தனியா இருந்தேன். நீ பர்லுக்கு அட்டை அனுப்பறப்பல்லாம் நான்தான் தபால்தலை ஒட்டினேன்."

வெர்ன் சூப்பைப் பாத்திரத்தோடு மூடி உள்ளே வைத்தார்.

இருபத்து மூன்றில் அன்றைக்கே வேறொரு குடும்பம் வந்திருந்தது, பெரிய நாயோடு. மறுநாள் லொரெட்டா போய்ச் சாப்பாட்டையெல்லாம் பெட்டியில் பூட்டச் சொன்னாள். அதற்குப் பிறகு சீசன் முடியும்வரை அடுப்புகளில் சாம்பல் அள்ளினாள், கழிப்பறை கழுவினாள், யாருடைய மேசையிலும் உட்காரவில்லை. ஷெல்பிக்கு மூன்று கடிதம் எழுதிக் கிழித்தாள். நாலாவதை மரிசெலா மூலம் அனுப்பினாள். அதில் டாரனைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நாலு நாற்பதுக்குத் தகவல் வந்தது, தன் கையில் இருந்தது, ஷெல்பிக்கு எதுவும் தெரியாது, இதை அக்கா ட்ரீனாவிடம் காட்டவும் என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பதில் வரவில்லை. வரும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

செப்டம்பரில் கிளம்பினார்கள். அடுத்த வருடத்துக்கான விண்ணப்பத் தாளை மரிசெலா கொடுக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அவள் லொரெட்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

ஊர் திரும்பும் வழியில், வடக்கு டகோட்டாவுக்குள் சாலை நேராக விழுந்தது. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த கோதுமை வயல். லொரெட்டா ஓட்டினாள், வெர்ன் காலை நீட்டிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் தூங்குகிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். திரும்பிப் பார்த்தபோது கண் திறந்திருந்தது.

"வெர்ன்."

"ம்."

"ரெண்டு இருபதுலேர்ந்து சொல்லு."

ஒரு தானியக் கிடங்கு வந்து, கடந்து போயிற்று.

"அந்தப் போலீஸ்காரப் பையனுக்கு இருபத்தஞ்சு வயசு கூட இருக்காது," என்றார். "தொப்பியக் கையில வச்சுத் திருகிட்டே இருந்தான். உக்காருன்னேன், உக்காரல. அவன் போனப்புறம் பாத்தா அடுப்புல உருளைக்கிழங்கு வெந்து தண்ணியெல்லாம் வழிஞ்சு கெடக்கு. அணைச்சேன். தொடச்சேன். டிப்போவுக்குப் பேசினேன்."

"அப்புறம்?"

"உங்கம்மாவக் கூப்பிடலாமான்னு நெனச்சேன். உனக்குத் தெரியறதுக்கு முன்னாடி வேற யாருக்கும் தெரியக்கூடாதுன்னு தோணிச்சு. போன வச்சுட்டேன். டாரன் பூட்ஸ் வாசல்ல கெடந்துச்சு. அத எடுத்து உள்ள வச்சேன். அப்புறம் மறுபடி எடுத்த எடத்துலயே வச்சேன்."

"அப்புறம்?"

"அவன் ரூமுக்குப் போனேன். படுக்கை கலஞ்சு கெடந்துச்சு. என்ன பண்றோம்னே தெரியாம மடிச்சு வச்சுட்டேன், லோரி. போர்வை, தலகாணி எல்லாம் ஒழுங்கா. வச்சப்புறந்தான், ஐயோ, நீ வந்து பாத்தா அவன் போட்டபடி இல்லயேன்னு இருந்துச்சு. திரும்பவும் கலச்சேன். எந்த மடிப்பு எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு யோசிச்சு யோசிச்சு..."

லொரெட்டாவுக்கு அந்தப் போர்வை தெரியும். மகன் போட்டபடியே கிடக்கட்டும் என்று மூன்று மாதம் யாரையும் தொடவிடாமல் வைத்திருந்த போர்வை அது. அதன் மடிப்புக்குள் முகத்தை வைத்து எத்தனையோ நாள் படுத்திருக்கிறாள்.

"நீ கலச்சதா அது," என்றாள்.

"நான்தான் கலச்சேன்."

சாலை கண்ணுக்குக் கலங்கியது. அவள் வேகத்தைக் குறைத்து, டிரெய்லரோடு வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள். இருவரும் முன்கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு லாரி கடந்து போனபோது வண்டி ஆடியது.

"மணி என்ன அப்போ?" என்று கேட்டாள்.

"மூணு. மூணு அஞ்சு இருக்கும்."

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு."

"இருக்கு."

"சொல்லு," என்றாள் லொரெட்டா.